திருடன் யாரென்று முதலில் சொன்னவர்

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பாங்கைக் கொள்ளையடிக்கும் படம். பத்து நிமிடத்துக்கு ஒரு திருப்பம், நடுநடுவே அடிதடி. வாசலில் நின்ற ஒருவர் மைக்கை என் வாயருகே நீட்டி, "ஐயா, ட்விஸ்ட் எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வெட்கமாக இருந்தது. "நல்லா இருந்துச்சு" என்ற பதிலை யாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காகவே எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த வேலையைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அதிலும் ஒரு பாங்குக் கொள்ளைப் படத்தைப் பற்றி.

என் ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு கிராமம். அய்யாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்ததும், மதுரையில் படங்களை வாங்கித் தென்பக்கத்து ஊர்களுக்கு வெளியிடும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் அறுந்த பிலிமை ஒட்டினேன், ரீல்களை வரிசை மாறாமல் தகரப்பெட்டியில் அடுக்கினேன், பெட்டிகளை ரயிலில் ஏற்றினேன். அதற்குப் பிறகு என்னை ரெப் ஆக்கினார்கள். ரெப் என்றால் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர். மற்றக் கம்பெனி ரெப்கள் டிக்கெட் விற்பனையைக் கண்காணிக்கப் போவார்கள். எங்கள் மேனேஜர் நடேசன் என்னை வேறு காரியத்துக்கு அனுப்பினார். படம் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நடேசன் ஒல்லியான மனிதர். வெள்ளைக் கதர்ச் சட்டை, காதோரம் நரை. பேசும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். என் முதல் அறிக்கையில், "மக்கள் மிகவும் ரசித்தார்கள்" என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பென்சிலால் அந்த வரியை மெதுவாக அடித்தார்.

"எந்த மக்கள்?" என்றார்.

"கொட்டகையில இருந்தவங்க சார்."

"அவங்களுக்குப் பேர் இல்லையா? தொழில் இல்லையா? தரையில உக்காந்தாங்களா, பெஞ்சுல உக்காந்தாங்களா? என்ன சொன்னாங்களோ அதை அவங்க வாய்ச்சொல்லாவே எழுது. நீ திருத்தாதே. உனக்குக் காதுதான் வேலை, வாய் இல்லை."

அவர் சொல்லிக் கொடுத்த முறைகள் இன்னும் மறக்கவில்லை. முதல் நாள் முதல் காட்சியில் நான் படம் பார்க்கக் கூடாது. திரைக்குப் பக்கவாட்டில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, எந்த இடத்தில் இருமுகிறார்கள், எந்த இடத்தில் பீடி பற்ற வைக்க எழுகிறார்கள், எந்த இடத்தில் அழுகிற பிள்ளையை அதட்டி அமர்த்துகிறார்கள் என்று குறிக்க வேண்டும். மறுநாள் காலையில் டீக்கடை, சந்தை, பஸ் நிற்கும் இடம் என்று சுற்ற வேண்டும். கம்பெனி ஆள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அறிக்கையைக் கம்பெனிக்கு வெளியே யாருக்கும் காட்டக் கூடாது.

நானாகக் கண்டுபிடித்த ஒரு தந்திரமும் உண்டு. படம் எப்படி என்று கேட்டால் எவரும் ஒரு வார்த்தைதான் சொல்வார்கள். கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் போதும், திருத்துவதற்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். திருத்தும்போது மனதில் உள்ளதெல்லாம் வெளியே வரும்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்குச் சில வருடங்கள் முந்தி அந்தப் படம் வந்தது. அதன் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவுமில்லை. "பாங்குப் படம்" என்றுதான் சொன்னார்கள். பட்டப்பகலில் ஒரு பாங்கு கொள்ளை போகிறது. முதலில் கேஷியர்மேல் சந்தேகம். பிறகு கேஷியரே செத்துக் கிடக்கிறார். அடுத்து பாங்கு மேனேஜரின் மருமகன் மாட்டுகிறான். அவனும் இல்லை. படகில் விரட்டல், ரயில் கூரையில் சண்டை. கடைசி ரீலில்தான் தெரிகிறது, படம் முழுவதும் வாசலில் நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்த கால் ஊனமான வாட்ச்மேன்தான் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் என்று. மதுரையில் அந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பெட்டியை முதலில் பாம்பனுக்குக் கொண்டுபோனேன். அங்கே அந்த முடிவை யாரும் பெரிதாகப் பேசவில்லை. காலையில் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த சந்தியாகு என்ற மீனவரிடம் போய், "கேஷியர்தானே திருடன்?" என்று ஆரம்பித்தேன்.

"திருடன் எவனா இருந்தா என்னய்யா," என்றார் அவர். "அந்த வத்தையப் பாத்தீகளா? பாய் பின்னால பொடைச்சுக்கிட்டு நிக்குது, வத்தை முன்னால போகுது. அப்படி ஒரு வத்தை இருந்தா சொல்லுங்க, நான் ஒண்ணு வாங்கிக்கிறேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். காற்றை எதிர்த்துப் பாய்மரப் படகு ஓடும் காட்சியில் கொட்டகையே சிரித்ததை நானும் முந்தைய மாலை குறித்திருந்தேன். என்ன காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. நடேசன் அந்தப் பக்கத்தை அப்படியே மெட்ராசுக்கு, படம் எடுத்தவர்களுக்கு அனுப்பி வைத்தார்.

அடுத்தது ராமநாதபுரம். ஊர் எல்லையில் காசிம் மரைக்காயர் என்ற பெரியபட்டினத்துக்காரர் டூரிங் டாக்கீஸ் நடத்திவந்தார். ஒரே மெஷின்தான் என்பதால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை விடுவார்கள். முதல் நாள் இரண்டாவது இடைவேளையில் கொட்டகைக்கு வெளியே டீ விற்ற இடத்துக்குப் போனேன். பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, முறுக்கிவிட்ட மீசை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மருமகப் பயதான் திருடன், பாருங்க" என்றேன்.

"இல்ல," என்றார். "அந்த வாட்ச்மேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை மதுரையிலோ பாம்பனிலோ ஒருவர்கூட அந்த நேரத்தில் அதைச் சொன்னதில்லை.

"எப்படிச் சொல்றீக?"

"அவன் வாரவன் போறவன் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறான். வாசல்ல காவல் நிக்கிறவன் மொகத்தப் பாக்க மாட்டான், கையத்தான் பாப்பான். மொகம் பொய் சொல்லும். இவன் காவல் நிக்கல, எவனுக்கோ காத்துக்கிட்டு நிக்கிறான்."

மணி அடித்துவிட்டது. அவர் பெயரைக் கேட்பதற்குள் கூட்டம் உள்ளே நெருக்கியது. "பெயர் தெரியவில்லை, மீசைக்காரர், பெஞ்சு டிக்கெட்" என்று குறித்துக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி மறுநாள் காலைத் தபாலில் மதுரைக்கு அனுப்பினேன்.

அந்தக் காலையில்தான் நான் தப்புச் செய்தேன். மிளகாய்ச் சந்தையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊரு பாங்குலயும் நொண்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரு, சாத்தையான்னு. பட்டாளத்துல குண்டு பட்ட காலு. படத்தப் பாத்ததுல இருந்து எனக்கு அவரு ஞாபகந்தான்."

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த டீக்கடையில் யாரும் வாய் திறக்காதபோது, "இந்த ஊரு பாங்குலயும் அப்படி ஒரு ஆளு இருக்காராமே?" என்று தூண்டில் போட்டேன். உடனே பேச்சு பற்றிக்கொண்டது. அதற்கடுத்த கடையிலும் அதையே போட்டேன். அன்றைக்கு மட்டும் எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல வேலை பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை மரைக்காயர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெற்றிலையை மடித்தபடி அமைதியாகத்தான் பேசினார்.

"தம்பி, நம்ம படத்தால ஒரு மனுசனுக்குக் கேடு வந்துருச்சு. பாங்கு வாட்ச்மேன் சாத்தையாவப் பாத்து, எப்ப ஆரம்பிக்கப் போறீகன்னு கடைத்தெருவுல கேக்குறாங்களாம். விளையாட்டாத்தான் கேட்டிருக்காக. ஆனா பாங்குல பணம் போட்டவுக ரெண்டு பேரு உள்ள போயி ஏஜென்டுக்கிட்டயே கேட்டுட்டாக. ஏஜென்டு அவரு துப்பாக்கிய வாங்கி வச்சுக்கிட்டு, பழைய காயிதம் கெடக்குற ரூம்புல உக்கார வச்சிருக்காரு. ஹெட் ஆபீசுக்கும் எழுதப் போறாராம்."

பாங்கின் கிளைத் தலைவரை அப்போது ஏஜென்ட் என்பார்கள். கெட்டவர் இல்லை, வெளியூர்க்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் பேசியதைக் கேட்டுப் பயந்துவிட்டார்.

நான் பாங்குக்குப் போய், பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அந்த மீசைக்காரர். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்ததால் அவர் காலை நான் கவனிக்கவில்லை. திருடன் யாரென்று ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவரை, ஊரே திருடன் என்று கேலி செய்துகொண்டிருந்தது. அந்தக் கேலியைக் கடைகடையாகச் சுமந்துபோய்ப் போட்டவன் நான்.

அவரிடம் பேசாமலே திரும்பி, அடுத்த ரயிலைப் பிடித்து மதுரைக்குப் போனேன். பெட்டியை விட்டுவிட்டு ரெப் ஊரைவிட்டு நகரக் கூடாது என்பது விதி. நடேசன் என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தூண்டில் போட்டதையும் சேர்த்து. அவர் பென்சிலை மேசைமேல் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"காது மட்டும் போதும்னு சொல்லியிருந்தேன்."

"ஆமா சார்."

"இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"அவர் முதல் நாளே கண்டுபிடிச்சுச் சொன்னது நம்ம அறிக்கையில இருக்கு. அதை ஏஜென்டுக்கிட்டக் காட்டணும்."

"அறிக்கை வெளியே போகாது." அலமாரியைத் திறந்து என் அறிக்கையை எடுத்து, அந்த இடத்தை இரண்டு முறை படித்தார். "ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் காட்டி என்ன பிரயோசனம்? பேசினது ஊரு. ஊருக்குச் சொல்லணும். படத்துக்கு முந்தி ஸ்லைடு போடு." ஒரு தாளை இழுத்து அவரே எழுதினார். நாலு வரி. ஒரு சொல் கூடுதலாக இல்லை. தாளை நீட்டிவிட்டு மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவரைக் கேட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"அவர் பேரு. அவரைக் கேக்காம போடக் கூடாது. நீ செஞ்சதையும் அவர்கிட்டச் சொல்லிட்டு அப்புறம் கேளு."

மறுநாள் காலையில் சாத்தையா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இருளாயி களையெடுக்கப் போவதற்காகக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று சொல்லி முடித்தேன். சாத்தையா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீக்கடையில எல்லாரும் பேசுனதத்தான் நீங்களும் பேசுனீக," என்றார் கடைசியில். "ஆனா அவுக பேசுனது காத்தோட போயிரும். நீங்க எழுதுறவரு."

ஸ்லைடு விஷயத்தைச் சொல்லித் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, "பாங்கு வாட்ச்மேன்னு மட்டும் போடுங்க, பேரு வேணாம்" என்றார்.

இருளாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏன் வேணாம்? கேலி பண்ணுனவுக பேரச் சொல்லித்தான பண்ணுனாக. பேரப் போடச் சொல்லுங்க. அய்யா பேரு, ஊரு பேரு எல்லாத்தையும் போட்டாலும் சரி."

சாத்தையா மனைவியைப் பார்த்தார். பிறகு தாளை என்னிடம் கொடுத்து, "போட்டுக்கிருங்க" என்றார்.

கொட்டகை ஆபரேட்டர் ஒரு கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்கின்மேல் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். ஆறியதும் ஊசியால் எழுத்தைக் கீறினார். மூன்று முறை கரி உதிர்ந்து, நாலாவது கண்ணாடியில்தான் சரியாக வந்தது. மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தில் காகிதம் ஒட்டினோம். அன்று முதல் காட்சிக்கு முன் திரையில் இப்படி வந்தது:

"இந்தப் படத்தின் திருடன் யார் என்பதை நம் ஊரில் முதல் நாள், இரண்டாவது இடைவேளையிலேயே சொன்னவர் ஒருவரே. அவர் நம் ஊர் பாங்கு வாட்ச்மேன், முன்னாள் ராணுவ வீரர் திரு. சாத்தையா. எப்படிக் கண்டுபிடித்தார்? அவரையே கேளுங்கள்."

நான் பக்கவாட்டில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் படித்துச் சொல்ல, மற்றவர்கள் திரும்பித் திரும்பி, "நம்ம சாத்தையாவா?" என்று கேட்டார்கள். பெஞ்சிலிருந்து யாரோ மெதுவாகக் கை தட்டினார். தரையில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

மறுநாள் பாங்கு திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். முதல் ஆளாக நின்றது, ஏஜென்டிடம் சந்தேகம் கேட்ட இருவரில் ஒருவரான ஜவுளிக்கடைக்காரர். வாசலில் துப்பாக்கியோடு நின்ற பியூனைப் பார்த்து, "ஏலே, சாத்தையாவ எங்கடா? அவரு எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு கேக்கணும்" என்றார். ஏஜென்ட் வெளியே வந்து என்னவென்று விசாரித்தார். அன்று மாலை அவரே கொட்டகைக்கு வந்து சேர் டிக்கெட்டில் உட்கார்ந்து, ஸ்லைடையும் படத்தையும் முழுக்கப் பார்த்தார். அதற்கு முன் அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை சாத்தையா துப்பாக்கியோடு தன் இடத்தில் நின்றார். ஏஜென்ட் அவர் பக்கத்தில் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "ஹெட் ஆபீசுக்கு எழுதின லெட்டரை இன்னும் தபால்ல சேர்க்கலை. கிழிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார். சாத்தையா சல்யூட் அடித்தார். பிறகு உள்ளே போகிறவர்களின் கைகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்து பலர் கையை விரித்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அந்த ஊரில் படத்தின் கடைசி நாளில் மரைக்காயர் சாத்தையாவையும் இருளாயியையும் அழைத்து வந்து சேரில் உட்கார வைத்தார். இருளாயி அதுவரை பாங்குப் படம் பார்க்கவில்லை. கடைசி ரீலில் கொள்ளைத் தலைவன் முகமூடியைக் கழற்றி வாட்ச்மேன் முகம் தெரிந்தபோது கொட்டகையில் பாதிப் பேர் திரையை விட்டுவிட்டு அந்த இருவரையும்தான் பார்த்தார்கள். சாத்தையா கூச்சத்தோடு மீசையைத் தடவினார். இருளாயி யாரையும் கவனிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

காலையில் பெட்டியைக் கட்டிவிட்டு, விடைபெற்றுக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே தந்திரம் எதுவும் செய்ய மனம் வரவில்லை. நோட்டை எல்லோருக்கும் தெரியும்படி மடியில் வைத்து, "படத்தப் பத்தி என்ன நெனைக்கிறீக?" என்று இருளாயியிடம் நேராகவே கேட்டேன்.

"கதை நல்லாத்தான் வச்சிருக்காக," என்றார். "ஆனா அந்த மனுசனுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குறதாவே காட்டலையே. சாயங்காலம் எங்க போவான், யாரு சோறு போடுவா? வீட்டுல ஒருத்தி இருந்து, என்னய்யா இன்னைக்கு மொகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தா, அவன் இம்புட்டுத் தூரம் போயிருப்பானா?"

எழுதிக்கொண்டேன். பெயர் இருளாயி, தொழில் வயல் வேலை, சேர் டிக்கெட். ஏழெட்டு ஊரில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இப்படி யாரும் சொல்லவில்லை.

"இத யாரு படிப்பாக?" என்று கேட்டார்.

"மதுரையில எங்க மேனேஜரு. அவரு சரின்னா மெட்ராசுல படம் எடுத்தவுகளும் படிப்பாக."

"அப்படின்னா இன்னொண்ணும் எழுதிக்கிருங்க." சாத்தையா கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இருளாயி அந்தக் காலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருடனோ நல்லவனோ, அடுத்த படத்துல வாட்ச்மேன் வந்தா உக்கார ஒரு முக்காலி போடச் சொல்லுங்க. படம் முடியிற வரைக்கும் அந்த மனுசன் அந்தக் காலோட நின்டுக்கிட்டே இருந்தாரு."

அதையும் அப்படியே எழுதி, மதுரைக்குத் தபாலில் சேர்த்தேன்.